சான்றுக் கடிதமும் மனசாட்சியும்



பொய்களில் எல்லாம் மிகவும் மரியாதையாக நடமாடும் பொய் எது என்று என்னைக் கேட்டால், கம்பெனிப் பெயர் அச்சிட்ட தாளில் தட்டச்சு செய்து, அடியில் ரப்பர் முத்திரை குத்திய பொய் என்பேன். வாயால் பொய் சொல்லக் கூசுகிற நல்ல மனிதர்கள்கூட இந்தப் பொய்க்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஏதோ ஒரு பையனுக்கு உபகாரம் செய்தோம் என்று நிம்மதியாகப் படுத்து உறங்குகிறார்கள். நானும் போட்டிருக்கிறேன். ஆகையால் பிறரைக் குற்றஞ்சாட்ட இதை எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சில வாரங்களுக்கு முன் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வருகையில், கெபியண்டை ஒரு வாலிபர் எனக்காகக் காத்திருந்தார். நான் போர்மனாக இருந்த பட்டறையில் என் கீழே வேலை செய்தவர். குழாய் வெல்டிங்கில் கெட்டிக்காரர். மனைவியும் ஒரு பெண் குழந்தையும் உண்டு. துவாக்குடிப் பக்கத்துப் பட்டறையில் கொதிகலன் வேலை குறைந்து ஆட்களைக் குறைத்தபோது அவரும் வெளியே வரவேண்டியதாயிற்று. ஐந்து மாதமாக வீட்டுக் கேட்டும் ஜன்னல் கிரில்லும் செய்து காலந்தள்ளுகிறார். ஆஸ்திரேலியாவில் குடியேற விண்ணப்பம் போடப்போவதாகச் சொல்லி, ஒரு தாளை நீட்டினார். எங்கள் பட்டறையில் அவர் ஐந்து வருடம் வேலை செய்ததாக அதில் கண்டிருந்தது. "முதலாளியைப் பார்த்தேன் ஐயா. போர்மன் சரியென்றால் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டார்" என்றார்.

அவர் எங்களிடம் வேலை செய்தது நான்கு வருடம் எட்டு மாதம். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதனால்தான் அவர் என் முகத்தைப் பாராமல் கெபியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

நான்கு மாதத்திற்கு இவ்வளவு கவலை ஏன் என்று வாசகர்கள் கேட்கலாம். அந்த நாட்டார் தொழில் தெரிந்தவர்களைச் சேர்த்துக்கொள்ள மதிப்பெண் போடுகிறார்கள். 2024 நிலவரப்படி, குறைந்தது 65 மதிப்பெண் வேண்டும். வயது 25-க்கும் 32-க்கும் இடையில் இருந்தால் 30, ஆங்கிலப் பரீட்சையில் நல்ல தேர்ச்சிக்கு 10, தொழிற்படிப்புக்கு 10, மனைவிக்கும் ஓரளவு ஆங்கிலம் தெரிந்தால் 5. வெளிநாட்டு வேலை அனுபவம் மூன்று வருடம் முதல் ஐந்துக்குள் இருந்தால் 5, ஐந்து முதல் எட்டுக்குள் இருந்தால் 10. கூட்டிப் பாருங்கள்: நான்கு வருடம் எட்டு மாதம் என்றால் நம் வாலிபருக்கு 60; ஐந்து வருடம் என்றால் 65. வேறெங்காவது வெல்டராகச் சேர்ந்து மீதி நான்கு மாதத்தை உழைத்துத் தீர்க்கலாமே என்றேன். இன்னும் இரண்டு மாதத்தில் அவருக்கு 33 வயது நிறைகிறது. வயதுக்கான மதிப்பெண் அன்றே 25 ஆக இறங்கிவிடும். ஒரு கையால் ஐந்தைக் கொடுத்து மறுகையால் ஐந்தைப் பிடுங்கிக்கொள்ளும் கணக்கு இது. இதற்கெல்லாம் முன்பாக, அந்நாட்டார் நியமித்த மதிப்பீட்டு நிலையம் ஒன்று அவருடைய படிப்பையும் தொழிலையும் பரிசோதித்து, "இவர் தகுதியுள்ள வெல்டர்தான்" என்று எழுதித் தரவேண்டும். அதற்குத்தான் முதலாளியின் கடிதம்: எந்தத் தேதியில் சேர்ந்தார், எப்போது விலகினார், என்ன வேலை செய்தார், எந்தக் கருவிகளைக் கையாண்டார், வாரத்தில் எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் அதில் இருக்கவேண்டும்.

"இதில் யாருக்கு ஐயா நஷ்டம்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஒரு வாரம் யோசித்து நான் கண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வாலிபர் ஞானோபதேசம் படித்தவர், திருக்குறளும் படித்தவர். வாய்மை அதிகாரத்தில் வள்ளுவரே, குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் உண்மைக்குரிய இடத்தைப் பெறும் என்று சொல்லியிருக்கிறாரே என்று மடக்கினார். வள்ளுவரை மறுக்க எனக்குத் துணிவில்லை. ஆனால் அவர் வைத்த நிபந்தனையை நாம் சௌகரியமாக விழுங்கிவிடுகிறோம். நன்மை என்று மட்டும் அவர் சொல்லவில்லை. குற்றமற்ற நன்மை என்றார். எனக்கு நன்மையாவது வேறொருவனுக்குக் கேடாகாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகல்லவா அந்தக் குறளைத் துணைக்கு அழைக்கவேண்டும்?

அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் பொய்யை மூன்று வகையாகப் பிரித்தார்: வேடிக்கைக்காகச் சொல்வது, ஒருவனுக்கு உபகாரமாகச் சொல்வது, பிறருக்குக் கேடு செய்யச் சொல்வது. மூன்றுமே பாவம், ஆனால் உபகாரப் பொய் பொதுவாக அற்பப் பாவம் என்றும், கேடு செய்யும் பொய்யே கனமானது என்றும் போதித்தார். நம் வாலிபரின் நான்கு மாதம் இவற்றில் எந்த வகை? பார்வைக்கு உபகாரப் பொய்தான். ஆனால் அந்த நாட்டில் 2012-ம் வருடம் முதல் நடக்கிற முறை என்ன? விண்ணப்பிக்க விரும்புகிறவர்கள் எல்லாரையும் மதிப்பெண்படி வரிசையாக நிறுத்தி, மேலே இருப்பவர்களுக்கு அழைப்பு அனுப்புகிறார்கள். வருடத்திற்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு உண்டு. பொய்யான ஐந்து மதிப்பெண்ணோடு ஒருவர் மேலே ஏறினால், மெய்யான மதிப்பெண்ணோடு நின்ற இன்னொருவர் ஒரு படி கீழே இறங்குகிறார். அவர் பிலிப்பைன்ஸ் நாட்டு வெல்டராக இருக்கலாம். யாழ்ப்பாணத்து எலக்ட்ரீஷியனாக இருக்கலாம். அடுத்த பங்கைச் சேர்ந்தவராகக்கூட இருக்கலாம். அவருக்கும் ஒரு பெண் குழந்தை இருக்கலாம். தம்மைக் கீழே இறக்கியது யாருடைய கையெழுத்து என்று அவருக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. உபகாரம் பெறுகிறவன் முகம் நமக்குத் தெரிகிறது, கேடு அடைகிறவன் முகம் தெரியவில்லை. இந்தப் பொய் சாதுவாகத் தோன்றுவதற்கு வேறு காரணம் எனக்குத் தென்படவில்லை.

பிடிபட்டால் என்னவாகும் என்பதையும் சொல்லவேண்டியது கடமை. பொய்த் தஸ்தாவேஜோ, தவறான தகவலோ கொடுத்தது தெரிந்தால் விசாவை மறுத்து, மூன்று வருடத்திற்குத் தடை விதிக்க 2011 முதல் அங்கே விதி உண்டு. விசா கிடைத்துப் போய்ச் சேர்ந்த பின்னும், விண்ணப்பத்தில் கொடுத்த விவரம் தவறென்று வெளிப்பட்டால் அதை ரத்துச் செய்யலாம். ஆனால் இந்தப் பயத்தை நான் வாலிபருக்குப் பெரிதாக எடுத்துச் சொல்லவில்லை. பிடிபடாத பொய்கள் ஏராளம். அகப்படுவோம் என்பதற்காக மட்டும் உண்மை பேசுகிறவன் அகப்படாத இடத்தில் என்ன செய்வான்?

இங்கேதான் என் சொந்தக் கதையைச் சொல்லவேண்டும். பல வருடங்களுக்கு முன், வளைகுடா நாட்டு வேலைக்குப் போன ஒரு பையனுக்கு ஒரு வருடத்தைக் கூட்டி எழுதிக் கொடுத்தேன். அவன் போனான், சம்பாதித்தான், தங்கையைக் கட்டிக்கொடுத்தான், வீடும் கட்டினான். இன்றும் ஊருக்கு வந்தால் என் வீட்டுக்குப் பேரீச்சம்பழத்தோடு வருகிறான். அவனுக்கு ஒரு கேடும் வரவில்லை. எனக்குத் தொந்தரவாக இருப்பது அதுதான். அவனுக்குப் பிறகு நான் உத்தமமான வேலைக்காரர்கள் பலருக்கு மெய்யான கடிதம் எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் கீழே இருப்பது அதே கையெழுத்து. அந்தக் கையெழுத்துக்கு என்ன விலை என்று எனக்கு மட்டும் தெரியும். பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லிவிட்டேன். ஆனால் பரிகாரம் செய்வது யாரிடம்? களவாடிய பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். ஒரு வருடத்தை யாரிடம் திருப்பிக் கொடுப்பது?

அடுத்து வாலிபர் சொன்ன நியாயம் இன்னும் பலமானது. "அவர்கள் மட்டும் யோக்கியமா ஐயா? நம்மவரை உள்ளே விடக்கூடாது என்று சட்டம் போட்டவர்கள்தானே?" என்றார். அது உண்மை. 1901-ல் இயற்றிய குடியேற்றத் தடைச் சட்டத்தின்படி, வருகிறவன் ஓர் ஐரோப்பிய மொழியில் ஐம்பது சொற்களைக் கேட்டு எழுதவேண்டும். எந்த மொழி என்பதை அதிகாரியே தீர்மானிப்பார். ஆங்கிலம் தெரிந்தவன் வந்தால் வேறொரு மொழியில் சொல்வார். 1909-க்குப் பிறகு அந்தப் பரீட்சையில் ஒருவரும் தேறவில்லை. 1934-ல் எகோன் கிஷ் என்ற எழுத்தாளர் வந்தார். பல ஐரோப்பிய மொழிகள் அறிந்தவர். அவரை எப்படியும் தடுக்கவேண்டுமென்று ஸ்காத்லாந்து மலைப்பகுதியில் சிலரே பேசும் கேலிக் மொழியில் சோதித்தார்கள். அது செல்லாது என்று அந்நாட்டு உயர் நீதிமன்றமே தள்ளிவிட்டது. அந்தப் பரீட்சையின் பெரிய குற்றம் அதன் கடுமையன்று. மொழியை அளக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு அது தோலின் நிறத்தை அளந்தது. பரீட்சையே ஒரு பொய்ச்சாட்சியாக இருந்தது.

யுத்தத்திற்குப் பின் வேறொரு விதமான அநியாயம் நடந்தது. 1947 முதல் ஐரோப்பிய அகதி முகாம்களிலிருந்து ஏறக்குறைய 1,70,000 பேரை அழைத்துக்கொண்டார்கள். சொன்ன இடத்தில் இரண்டு வருடம் வேலை செய்வதாக அவர்கள் ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கவேண்டும். ஆண்களென்றால் "கூலியாள்", பெண்களென்றால் "வீட்டு வேலைக்காரி" என்று பதிவு. வைத்தியரும் வக்கீலும் மண்வெட்டி பிடித்தார்கள், படுக்கை துடைத்தார்கள். அவர்களுடைய பட்டத்தை நிறுத்துப் பார்க்க ஒருவரும் மெனக்கெடவில்லை. இப்போதிருக்கும் மதிப்பீட்டு முறையைத் தூற்றுகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்கவேண்டும். சோதித்துப் பார்ப்பதில் தொல்லை உண்டு. சோதிக்கவே மறுப்பது அதைவிடப் பெரிய அவமதிப்பு.

அந்த எழுத்துப் பரீட்சையை 1958-ம் வருடக் குடியேற்றச் சட்டம் ஒழித்தது. நிறம் பார்க்கும் கொள்கை 1973-ல் முற்றிலும் கைவிடப்பட்டது. பொய்த் தகவலுக்காக விசாவை ரத்துச் செய்வதும் அதே 1958-ம் வருடச் சட்டத்தின்படிதான் என்பது கவனிக்கத் தக்கது. தன் பொய்ப் பரீட்சையை விட்டொழித்த சட்டம், பரீட்சை எழுத வருகிறவனிடமும் பொய்யை விடச் சொல்கிறது.

இன்றைய முறையில் குறை இல்லையா? உண்டு. ஓர் உதாரணம். என்ஜினீயரிங் பட்டங்களை நாடுகள் ஒன்றையொன்று ஏற்றுக்கொள்ள வாஷிங்டன் உடன்படிக்கை என்று ஒன்று இருக்கிறது. இந்தியா அதில் முழு உறுப்பினரானது 2014-ல். அந்த அங்கீகாரத்திற்குள் வரும் கல்லூரியில், வரும் வருடத்தில் தேறிய பிள்ளைக்குப் பாதை சற்றுச் சுலபம். அதே கல்லூரியில், அதே வாத்தியாரிடம், சில வருடம் முந்திப் படித்த அண்ணன், தான் செய்த மூன்று வேலைகளைப் பற்றி ஆயிரம் சொல்லுக்குக் குறையாமல் ஒவ்வொரு கட்டுரை எழுதி, தான் என்ஜினீயர்தான் என்று காட்டவேண்டும். அண்ணனுக்கு மனம் வலிக்கத்தான் செய்யும். ஆனால் வலி வேறு, வஞ்சனை வேறு. எங்கேயாவது கோடு கிழித்தால் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒருவன் நிற்பான். மறைவாக நிறத்தைப் பார்த்துவிட்டு மொழியைச் சோதித்ததாகச் சொன்ன பழைய பரீட்சையோடு இதைச் சேர்க்கக்கூடாது.

சரி, முறை அநியாயமாகவே இருக்கட்டும். அநியாயமான வாசலில் பொய் சொல்லலாமா? இது புதிய கேள்வியன்று. அர்ச். அகுஸ்தீன் பொய்யைப் பற்றி இரண்டு நூல்கள் எழுதினார். முதலாவது சுமார் 395-ல், இரண்டாவது 420-ஐ ஒட்டி. ஸ்பெயின் தேசத்தில் ஒரு பதிதக் கூட்டத்தார் தங்களை மறைத்துக்கொண்டு திரிந்தார்கள். அவர்களைக் கண்டுபிடிக்க நாமும் அவர்களில் ஒருவர்போல் நடித்தால் என்ன என்று சிலர் கேட்டபோது, அதற்குப் பதிலாக எழுந்தது இரண்டாவது நூல். பொய்யரைப் பிடிக்கப் பொய் சொன்னால் பிடிக்கிறவனும் பொய்யனாகிறான், ஆகையால் கூடாது என்பதே அவருடைய தீர்ப்பின் சாரம். சொல்ல விருப்பமில்லாததைச் சொல்லாமல் இருக்கலாம், வாதாடலாம், மேல்முறையீடு செய்யலாம், அநியாயம் என்று வெளிப்படையாகக் கண்டிக்கலாம். பொய்க்கு மட்டும் அனுமதியில்லை. இது கடினமான போதனை. உயிர் ஆபத்தில் இருப்பவன் விஷயத்தில் எனக்கே சில சந்தேகங்கள் உண்டு. ஆனால் நம் வாலிபர் உயிர் தப்பி ஓடுகிறவர் அல்லர். மேலான சம்பளத்தையும் குழந்தையின் படிப்பையும் தேடிப் போகிறவர். நல்ல நோக்கம்தான். 12-ம் பத்திநாதர் 1952-ல் குடியேறுவோர் குடும்பங்களைப்பற்றி விசேஷமாகவே ஒரு சாசனம் வெளியிட்டார். 23-ம் அருளப்பர் 1963-ல், தக்க காரணமிருந்தால் பிற நாட்டுக்குக் குடிபோவது மனிதனுடைய உரிமை என்று எழுதினார். ஆகையால், ஊரைவிட்டுப் போகிறவனைத் துரோகியைப்போல் பார்க்கும் சில பெரியவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. போவது உரிமை. ஆனால் உரிமை இருக்கிறது என்பதனால் அளவுகோலைத் திருத்திக்கொள்ள உரிமை வந்துவிடாது.

அளவுகோல் என்றதும் பட்டறை ஞாபகம் வருகிறது. கொதிகலன் குழாயில் நெருப்பு வைக்க வருகிற எவனையும் நாங்கள் வாய்ச்சொல்லை நம்பி விட்டதில்லை. 1950-ம் வருட இந்தியக் கொதிகலன் விதிகள் அப்படி. முதலில் சோதனைத் துண்டு போடவேண்டும். குழாயை நாற்பத்தைந்து டிகிரி சாய்வாகப் பிடித்து வைத்து, அதை உருட்டாமல் திருப்பாமல், வெல்டர் தானே மேலும் கீழுமாகச் சுற்றிவந்து இணைக்கவேண்டும். பிறகு எக்ஸ்ரே. ஒருமுறை இருபது வருட அனுபவமுள்ள ஒருவர் வந்தார். சோதனைத் துண்டு என்றதும் முகம் சிவந்துவிட்டது. "என்னையா சோதிக்கிறாய்?" என்றார். "உங்களை அல்ல அண்ணே, இணைப்பைச் சோதிக்கிறேன்" என்றேன். படத்தில் உள்ளே ஒரு கறுப்புக் கோடு. வேர் சரியாக உருகவில்லை. அவரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் இன்னொரு துண்டை எடுத்தார். இரண்டாவது சுத்தமாக வந்தது. அந்த மனிதர்மேல் எனக்கு அன்று முதல் மரியாதை.

எக்ஸ்ரே படம் அவருடைய குடும்பக் கஷ்டத்தைக் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. கருணை காட்டுகிற எக்ஸ்ரே ஒன்று இருந்தால், கொதிகலன் அருகே நிற்கிறவன் செத்துப்போவான். அதேபோல் படம் அவரைக் கெட்டவர் என்றும் சொல்லவில்லை. வெளிநாட்டு மதிப்பீட்டில் "போதாது" என்று பதில் வந்தவர்கள், தங்கள் வாழ்நாள் முழுவதையும் யாரோ தராசில் வைத்துத் தள்ளிவிட்டதுபோல் ஒடிந்துபோவதை நம் பங்கிலேயே பார்த்திருக்கிறேன். கணினித் துறையில் எட்டு வருடம் வேலை செய்த ஒரு பெண்பிள்ளைக்கு, அதில் முதல் சில வருடங்கள் பயிற்சிக்காலமாகக் கழிக்கப்பட்டு மீதிதான் கணக்கில் வந்தது. "அந்த வருடமெல்லாம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்?" என்று அது தன் தாயிடம் அழுததாம். கழித்தது வருடங்களை, அந்தப் பிள்ளையை அல்ல. ஆயினும் அழுகிறவளிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபமன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மறுபடியும் நம் வாலிபரிடம் வருவோம். அடுத்த ஞாயிறு அவரை உட்காரவைத்து, "தம்பி, எங்கள் பட்டறைக்கு வருமுன் எங்கே இருந்தீர்?" என்று கேட்டேன். ஐ.டி.ஐ. முடித்து இரண்டு வருடம் வேறொருவரிடம் வெல்டராக இருந்தாராம். சிறிய கூரைப் பட்டறை. வாரக்கூலி, ரொக்கம். பி.எஃப். இல்லை, ரசீது இல்லை. பட்டறைக்காரர் காலமாகிவிட்டார், ஷெட்டும் கைமாறிவிட்டது. "அதைக் கணக்கில் சேர்க்க முடியாது என்று ஏஜெண்டு சொல்லிவிட்டார் ஐயா."

கவனியுங்கள். இரண்டும் நான்கு வருடம் எட்டு மாதமும் சேர்ந்தால் ஆறு வருடம் எட்டு மாதம். மெய்யாகவே ஐந்துக்கு மேல் உழைத்திருக்கிறார்! உழைத்த இரண்டு வருடத்தை நிரூபிப்பது கடினம் என்பதனால், உழைக்காத நான்கு மாதத்தை எழுதச் சொல்கிறார். பொய் எவ்வளவு மலிவு, மெய் எவ்வளவு கிராக்கி என்பதை அன்றுதான் கண்டேன்.

ஏஜெண்டு இன்னொரு யோசனையும் சொல்லியிருந்தாராம்: இறந்தவருடைய பட்டறைப் பெயரில் தாள் அச்சடித்து, அவர் கையெழுத்தைப் போட்டு, பழைய தேதியில் ஒரு கடிதம். "நடந்ததைத்தானே எழுதுகிறோம்? அதில் பொய் எங்கே இருக்கிறது?" என்று வாலிபர் கேட்டார். இந்தக் கேள்வி முன்னதைவிட நுட்பமானது. என்னை இரண்டு இரவு தூங்கவிடவில்லை.

ஒரு சான்றுக் கடிதம் இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. ஒன்று, இது நடந்தது. மற்றது, இதைப் பார்த்த நான் சொல்கிறேன். முதலாவது மெய்யாயிருந்தும் இரண்டாவது பொய்யாயிருந்தால், அது சாட்சியே அன்று. வாசிக்கிற அதிகாரி வாலிபரின் வார்த்தையை நம்பவில்லை. நம்பக் கடமைப்பட்டவரும் அல்லர். ஆகவேதான் வேறொருவருடைய வார்த்தையைக் கேட்கிறார். வாலிபரின் வார்த்தைக்கே வேறொருவர் சட்டையைப் போட்டு அனுப்பினால், அதிகாரி கேட்டது கிடைத்ததா? அதுவுமன்றி, இறந்தவரின் வாயில் நாம் ஒரு வார்த்தையை வைக்கிறோம். அவர் அதை மறுக்கவும் முடியாது, ஒப்புக்கொள்ளவும் முடியாது. எட்டாம் கற்பனை பொய் என்று மட்டும் பொதுவாகச் சொல்லாமல் பொய்ச்சாட்சியைத் தனியே எடுத்துப் பேசுவது, சாட்சியின் இந்த இரட்டைத் தன்மையை வைத்துத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பட்டப்படிப்புப் பிள்ளைகளுக்கும் இதே விதிதான். மேலே சொன்ன மூன்று கட்டுரைகளைப் பணம் வாங்கிக்கொண்டு எழுதித் தருகிறவர்கள் உண்டு. ஆங்கிலத்தை ஒருவர் திருத்திக் கொடுத்தால் குற்றமில்லை; முன்னே போனவனுடைய பாலத்தையும் பம்பையும் எடுத்துத் தன் பெயரில் எழுதினால், அது அவனுடைய கட்டுரையே அல்ல. இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

ஆனால் நேர்மையான வழி அடைபட்டிருந்தால் என் உபதேசத்தால் அந்தக் குடும்பத்துக்கு என்ன பிரயோசனம்? விசாரித்தோம். முதலாளியின் கடிதம் கிடைக்க வழியில்லாதபோது, ஏன் கிடைக்கவில்லை என்ற காரணத்தை எழுதி, கூட வேலை செய்தவர்களோ பார்த்தவர்களோ நோட்டரி முன் செய்த பிரமாணப் பத்திரத்தை, பாங்குப் புத்தகம் முதலிய வேறு அத்தாட்சிகளோடு கொடுக்கலாம். ஏற்பதும் தள்ளுவதும் அவர்கள் இஷ்டம். ஏஜெண்டு இதை ஏன் சொல்லவில்லை என்றால், சொல்லியிருந்தால் அலைவது அவருக்கும் வேலையாகியிருக்கும்.

வாலிபரும் நானும் காலமான பட்டறைக்காரரின் வீட்டுக்குப் போனோம். அந்த அம்மாள் வாலிபரை அடையாளங்கண்டு, "என்ன தம்பி, இப்படி இளைத்துப்போனாய்?" என்று காப்பி கொடுத்தார். பரணிலிருந்து கூலி நோட்டுகள் இரண்டை எடுத்துத் தந்தார். மூன்றாவது கரையான் அரித்துப்போயிற்றாம். முதல் நோட்டில் ஏழெட்டு மாதத்திற்கு "வெல்டர் பையன்" என்றுதான் இருக்கிறது, பெயரில்லை. அதன் பிறகே பெயர் வருகிறது. வாலிபர் பேனாவைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இருவரும் சிரித்துவிட்டோம்.

பிரமாணம் எழுதும்போது அந்த அம்மாள் சொன்னது எனக்குப் பெரிய பாடம். "இவர் இரண்டு வருடம் மத்தியானம் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். அது எனக்குத் தெரியும். நெருப்புப் பொறி பறந்த சட்டையோடு வருவார். என்ன வேலை செய்தார் என்று நான் ஷெட்டுக்குள் போய்ப் பார்த்ததில்லை. அதை எழுதாதே" என்றார். அப்படியே எழுதினோம். பார்த்தது இவ்வளவு, பாராதது இவ்வளவு. வேலையைப்பற்றிச் சொல்ல அங்கே கூட இருந்த ஒரு பிட்டர் கிடைத்தார். இப்போது காய்கறி வண்டி வைத்திருக்கிறார். நோட்டில் பெயரில்லாத மாதங்களைப்பற்றி, பெயரில்லை என்றே குறிப்பிட்டோம். நான் என் பங்குக்கு நான்கு வருடம் எட்டு மாதம் என்று எழுதிக் கொடுத்தேன், முதலாளி கையெழுத்திட்டார்.

பதில் இன்னும் வரவில்லை. பிறந்த நாளுக்குள் வருமா என்பதும் தெரியாது. பிந்திவிட்டால் நகரங்களுக்கு வெளியேயுள்ள பிரதேசங்களுக்கென்று தனி விசா ஒன்று இருக்கிறது; மாநில அரசு ஒன்று நியமித்தால் அதற்கு 15 மதிப்பெண் கூடுதலாம்; அதையும் பார்த்து வைத்திருக்கிறார். காகிதங்கள் ஏற்கப்பட்டால் செய்முறைப் பரீட்சைக்கு அழைப்பார்கள் என்று எதிர்பார்க்கிறோம். கேட்டும் கிரில்லும் செய்து அவர் கை சற்றுத் தடித்துவிட்டது. தினமும் சாயங்காலம் என் வீட்டுப் பின்கட்டில் துண்டுக் குழாயைச் சாய்த்துக் கட்டி வைத்துப் பழகுகிறார். நேற்றுப் போட்டதில் அடிப்பக்கம் இன்னும் சுத்தமாக வரவில்லை. வெட்டிப் பார்த்துவிட்டு, "இன்னொன்று போடுகிறேன் ஐயா" என்றார். ராடு தீர்ந்துவிட்டது, நாளை வாங்கவேண்டும்.